திராட்சைக்கொடி வெட்டிய நாள்

ரொட்டி வேனை வாசலில் ஓரங்கட்டிவிட்டுப் பெரியவள் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. விடிவதற்கு முன்னால் பேக்கரியிலிருந்து வண்டியை எடுத்தால், கடைசிக் கடையில் தட்டுகளை இறக்கிவிட்டு வீடு வந்து சேரும்போது தெருவே குளித்து முடித்திருக்கும். சட்டையெல்லாம் ரொட்டி வாசனை. வயிற்றில் பசி. மனசு முழுக்கத் தங்கை.

சின்னவள் இன்று வருகிறாள்.

போன வாரம் போனில் அவள் சொன்னதை, பெரியவள் ஒரு வார்த்தை குறைக்காமல் அப்பாவிடம் ஒப்பித்திருந்தாள்.

“மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சாச்சு. அடுத்த வாரக் கடைசியில கிளம்புறாங்க. அதுக்கு முன்னாடி குழந்தையோட என்னைப் பார்க்க வர்றா. உங்களை இல்ல. அவ வர்ற நேரத்துல நீங்க வீட்ல இருக்கக் கூடாதாம்.”

வேறு ஒரு மனிதராக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அப்பா கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்தபடி, “சரிம்மா. மத்தியானமே தையல்காரர் கடைக்குப் போயிடறேன். அவங்க கிளம்பினதும் ஒரு குரல் கொடு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை நடக்கிறதா, தவழ்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பெரியவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

அம்மா இறந்து ஆறு மாதமாகிறது. குடலில் கட்டி. உடனே எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். “பிறை சரியில்லை, கொஞ்சம் தள்ளிப் போடுவோம்” என்றார் அப்பா. தள்ளிப் போட்டார்கள். கட்டி அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு நாள் காலையில் அடுப்படியிலேயே அம்மா மடங்கி விழுந்தாள். உள்ளே உடைந்துவிட்டது என்றார்கள். வீடு திரும்பவில்லை.

அன்று வந்தவர்கள் போனவர்கள் அத்தனை பேர் முன்னாலும் பெரியவள் அப்பாவை நேருக்கு நேர் நிற்க வைத்துக் கேட்டாள். “வெண்டைக்காய்க்கு நாள் பார்க்கிற மாதிரி எங்கம்மாவுக்கும் நாள் பார்த்தீங்களே, இப்போ திருப்தியா?” தெருவே கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளே பெரியவள் பேக்கரி மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்தாள். அதுவும் பாசத்தால் அல்ல, நாற்றுகள் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும்தான் என்பதை வந்த அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான். மனசில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வந்து சேர வழியில் எந்த வேகத்தடையும் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால், நிழல்வலைக்கு அடியில் இருந்தது அப்பாவின் நாற்றுப்பண்ணை. தக்காளி, மிளகாய், கத்தரி, கீரை, முள்ளங்கி என்று குழித்தட்டுகள் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் அவர் பெயர் யாருக்கும் ஞாபகமிருக்காது. பிறைக்காரர் என்றால்தான் தெரியும். தரைக்கு மேலே காய்ப்பதை வளர்பிறையில் விதைப்பார். தரைக்குள் விளைவதைத் தேய்பிறையில். அமாவாசையன்று விதைப்பெட்டியைத் திறக்கவே மாட்டார். நம்பியவர்கள் நாள் கேட்டு வந்தார்கள். நம்பாதவர்கள் நாற்று நன்றாயிருக்கிறது என்று வந்தார்கள்.

இன்று முதல் ஆளாக வந்து நின்றவர் தையல்காரர். இரண்டு தெரு தள்ளிக் கடை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார்.

“அண்ணே, உங்க வீட்டம்மா வச்ச திராட்சைக்கொடியில ரெண்டு குச்சி தர்றேன்னு சொன்னீங்களே.”

“உள்ள வா. நல்ல நேரத்துலதான் வந்திருக்கே” என்றார் அப்பா. “பாப்பா ரொட்டி போட்டுட்டு வந்தாச்சு. வெட்டச் சொல்றேன்.”

பெரியவள் ஒரு கையில் தேநீரும் மறு கையில் கத்தரிக்கோலுமாகப் பின்பக்கம் வந்தாள். அடுப்படிச் சுவரை ஒட்டிப் பந்தல்போட்டு அம்மா வளர்த்த கொடி. அம்மா போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை. இஷ்டத்துக்கு ஓடி, கூரை ஓட்டுக்குள் தலையை விட்டிருந்தது.

“அப்படியே விட்டா காய்க்காது” என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல் கொடியைப் பார்த்து. அவர்கள் இருவரும் இப்போதெல்லாம் பேசிக்கொள்வது அப்படித்தான். பேச்சு நேராகப் போகாது; செடி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

அவள் ஸ்டூலில் ஏறினாள்.

“இன்னிக்கு வெட்டலாமாண்ணே?” தையல்காரர் கேட்டார். “எங்க வீட்ல ஒரு தடவை வெட்டினேன். வெட்டின இடத்துலேர்ந்து தண்ணி ஒழுகிக்கிட்டே இருந்தது. அழுவுற மாதிரி. எங்க வீட்டுக்காரி பயந்துட்டா.”

“வளர்பிறையில வெட்டியிருப்பே. அப்போ சத்தெல்லாம் மேல ஏறி நிக்கும். கத்தி பட்டா ஒழுகத்தான் செய்யும். தேய்பிறையில கீழ இறங்கிடும். வெட்டுறது, கிள்ளுறது, கிளை கழிக்கிறது எல்லாத்துக்கும் தேய்பிறைதான். காயம் சீக்கிரம் ஆறும்.”

“முடி வெட்டக்கூட இதெல்லாம் பார்க்கணும்ங்கிறாங்களே?”

“உனக்கு எந்தப் பிறையும் உதவாது” என்றார் அப்பா, அவருடைய வழுக்கையைப் பார்த்து.

தையல்காரர் சிரித்தார். பெரியவளுக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

“அது சரி. காலண்டர் பார்க்காம எது எந்தப் பிறைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“ரொம்ப சுலபம். சாயங்காலம் வெளிச்சம் போறப்போ நிலா மேல இருந்தா வளர்பிறை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து பார்க்கிறப்போ நிலா இருந்தா தேய்பிறை. அவ்வளவுதான் கணக்கு.”

பெரியவளின் கத்தரி பாதி வெட்டில் நின்றது.

தையல்காரர் ஈரத்துணியில் சுற்றிய குச்சிகளோடு விடைபெற்று, “மத்தியானம் கடைக்கு வாங்க, செஸ் ஆடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் இறங்காமல் ஸ்டூலிலேயே நின்றாள். தேநீர் ஜன்னல் விளிம்பில் ஆறிக்கொண்டிருந்தது.

அம்மாவின் அறுவைக்கென்று டாக்டர் குறித்த அந்த முதல் நாள் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. எப்படி மறக்கும்? ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போவதற்காகப் பேக்கரியில் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கியிருந்தாள். முந்தைய நாள் மாலை, நாள் தள்ளிப் போனது என்று தெரிந்ததும் விடுப்பை ரத்து செய்துவிட்டு வண்டி எடுக்கப் போனாள். கோபம் கோபமாக வந்தது. மார்க்கெட் முனையில் இருட்டோடு ரொட்டித் தட்டை இறக்கும்போது வானத்தில் நிலா இருந்தது. ஒரு பக்கம் கரைந்துபோன நிலா. அதைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள். “உன்னாலதானே” என்றாள். பால்காரர் ஒருவர் தன்னைத்தான் திட்டுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தது வரைக்கும் ஞாபகமிருந்தது.

விடிவதற்கு முன்னால் நிலா. அப்படியென்றால் தேய்பிறை.

கத்தி வைக்கத் தேய்பிறைதான் நல்லது என்று இப்போதுதான் அவர் வாயாலேயே சொன்னார்.

“அப்பா.”

அவர் நிமிர்ந்தார். ஆறு மாதமாக அந்தச் சொல் அவர் காதில் விழவில்லை. ‘இங்க பாருங்க’தான் விழுந்துகொண்டிருந்தது.

“அம்மாவுக்கு முதல்ல நாள் குறிச்சாங்களே. அன்னிக்கு என்ன பிறை?”

“அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? அந்தக் கணுவுக்கு மேல வெட்டு.”

“தேய்பிறை. நான் பார்த்தேன். வண்டியில போறப்போ கண்ணால பார்த்தேன்.”

அப்பா குனிந்தார். கீழே விழுந்த இலைகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

“உங்க கணக்குப்படியே அது நல்ல நாள். அதைவிட நல்ல நாள் கிடையாது. அப்புறம் எப்படிப் பிறை சரியில்லாம போச்சு?”

“ஏதோ தப்பா கணக்குப் போட்டிருப்பேன்.”

“நீங்களா? பிறை விஷயத்துலயா?” அவள் இறங்கி அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். “முள்ளங்கிக்கு நாள் தப்பாத மனுஷன் பொண்டாட்டிக்குத் தப்புவீங்களா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“உங்கம்மா சொல்லச் சொன்னாம்மா.”

“என்னன்னு?”

“பிறை சரியில்லைன்னு.”

பெரியவளுக்குப் புரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். பல வாரமாக மூடிக் கிடந்த ஜன்னலைத் திறப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

சின்னவளுக்கு அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது அவள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தாள். அம்மா ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீ இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா’ என்று சொன்னாளாம். வலியில் சொன்னது. சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை.

“டாக்டர் நாள் குறிச்ச அன்னிக்கே சொல்லிட்டா. அறுவை பண்ணிக்கிட்டா ரெண்டு மாசம் எழுந்திருக்க முடியாது. இந்தத் தடவை என் பொண்ணு தனியா பெத்துக்க மாட்டா. நான் போகணும். திரும்பி வந்து பண்ணிக்கிறேன்னு.”

“நீங்க விட்டுட்டீங்களா?”

“சண்டை போட்டேன். ரெண்டு நாள் சாப்பிடலை. அவளும் சாப்பிடலை. கடைசியில அவதான் ஜெயிச்சா.” அவர் பொறுக்கிய இலைகள் மறுபடி கீழே விழுந்தன. “ஒரு விஷயம் மட்டும் கேட்டா. இது தனக்காகன்னு சின்னவளுக்குத் தெரிஞ்சா பிரசவத்துக்கே வர வேண்டாம்னு சொல்லிடுவா, இல்லன்னா பயந்து பயந்தே ஏதாவது ஆயிடும். அதனால பழியை உங்க பிறை மேல போட்டுடுங்கன்னா. ஊருக்கே தெரியும் நீங்க பிறை பார்க்கிற ஆளுன்னு. யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்கன்னா.”

“நாங்களும் கேட்கலை” என்றாள் பெரியவள் மெதுவாக.

“நான் அப்பவே சொன்னேன். அடியே, அன்னிக்குத் தேய்பிறை, பொய் சொன்னாலும் பொருந்துற மாதிரி சொல்லணும்னு. சிரிச்சா. நம்ம வீட்ல உங்களைத் தவிர யாரு வானத்தைப் பார்க்கிறான்னு கேட்டா.”

அப்பாவும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

பெரியவளிடம் இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. அதைக் கேட்க அவளுக்கே பயமாக இருந்தது.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் என்ன சின்னக் குழந்தையா?”

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க.”

“உனக்கு வாய் நிக்காதுன்னுட்டாம்மா. பெரியவ நல்லவதான், ஆனா தங்கச்சிகிட்ட போன்ல கொட்டிடுவா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு.”

அது சரியான இடத்தில் போய்த் தைத்தது. அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நிச்சயம் கொட்டியிருப்பாள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் கொட்டவில்லையா? இந்த மனிதர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாரே, ஒரு வார்த்தை சொன்னாரா?

“நான் அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“அன்னிக்குச் சின்னவ கைக்குழந்தையோட பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாளே.” அவர் எழுந்துகொண்டார். “அதுவுமில்லாம நீ பேசினதெல்லாம் பொய்யின்னு நான் நினைக்கலை. தூக்கிக்கிட்டுப் போயாவது ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கணும். அவ பேச்சைக் கேட்டுட்டு நின்னேன். அது என் மேலதான்.”

பெரியவள் அவருடைய இடது கையைப் பிடித்தாள். நாற்பது வயதை நெருங்குகிறவள், அப்பாவின் கையைக் கடைசியாக எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. விரல் இடுக்கெல்லாம் மண். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழத் தெரியாதவள். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் துணியோடு திரும்பிப் போனாள்.

“சின்னவளுக்குத் தெரியக் கூடாதும்மா” என்றார் அப்பா. “உங்கம்மா கேட்டது அது ஒண்ணுதான்.”

மத்தியானம் அவர் சட்டை மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார். பெரியவள் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

“எங்கயும் போக வேண்டாம்.”

“அவகிட்ட வாக்குக் கொடுத்திருக்கே.”

“நான்தானே கொடுத்தேன். நானே பார்த்துக்கிறேன். இது உங்க வீடு. உட்காருங்க.”

அவர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் தன் முறைக்காகக் காத்திருப்பவர் மாதிரி நுனியில்தான் உட்கார்ந்தார்.

கார் வந்து நின்றது. முதலில் மாப்பிள்ளை இறங்கினார். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார்; எதிரில் இருப்பவர் பேசினாலும் ஏதோ பழுது இருக்கிறதா என்று கவனிப்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பின்னால் சின்னவள், இடுப்பில் குழந்தை.

வாசலைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள்.

“அக்கா, நான் என்ன சொல்லியிருந்தேன்?”

“உள்ள வாடி. வெயில்ல நிக்காதே.”

“என்ன சொல்லியிருந்தேன்னு கேட்டேன்.”

“சொன்னே. எனக்குக் கேட்டது. நான்தான் அவரைப் போக வேண்டாம்னு சொன்னேன்.”

மாப்பிள்ளை, “எப்படி இருக்கீங்க மாமா, கை எப்படியிருக்கு?” என்று விசாரித்தார். அப்பா, “பரவாயில்லை மாப்பிள்ளை” என்றார். சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தவள்போலவும் இருந்தது, பார்க்கவே பிடிக்காதவள்போலவும் இருந்தது.

குழந்தைக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. தரையில் விட்டதும் நாலு காலில் கிளம்பியது. வழியில் ஒரு செருப்பைச் சுவைத்துப் பார்த்துப் பிடிக்காமல் விட்டது. நேராகத் தாத்தாவின் காலடிக்கு வந்து, கட்டுப்போட்ட வெள்ளைக் கையை அண்ணாந்து பார்த்தது. எட்டிப் பிடிக்க முயன்று, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்பா இடது கையைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால், தொடாமல், விழுந்தால் பிடிப்பதற்குத் தயாராக வைத்திருந்தார். முகம் அதன் பாட்டி ஜாடை. அதே நெற்றி. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சின்னவள் எழுந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. அப்பாவின் கை அந்தரத்தில் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவள் தங்கையின் முழங்கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இப்படிப் பண்ணாதேடி. நாலு நாள்ல கண்காணாத இடத்துக்குப் போகப் போறே. ஒரு தடவை அவர் தூக்கட்டும்.”

“நீயா பேசுறே?” சின்னவளின் குரல் உடைந்திருந்தது. “நான் அழுதுக்கிட்டிருந்தப்போ எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். இந்த ஆளை ஜென்மத்துக்கும் மன்னிக்காதேன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன்.”

“அப்புறம்?”

“தப்பா சொன்னேன்.”

“எது தப்பு? அம்மாவுக்கு நாள் குறிச்சது பொய்யா? அவர் தள்ளிப் போட்டது பொய்யா?”

பெரியவள் வாயைத் திறந்தாள். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வாக்கியம் போதும். முன்னறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் மேலிருக்கிற பழி அந்த நிமிடமே இறங்கிவிடும். இறங்கி எங்கே போகும் என்பதுதான் கேள்வி. எதிரில் நிற்கிறவளின் தோளில் குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது. அதன் தலைமுடியைச் சின்னவள் நீவிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதுதான் அவள் செய்த தவறாகப் போயிற்று. சின்னவளுக்கு அக்காவின் கத்தல் பழக்கம், அழுகை பழக்கம். அக்காவின் மௌனம் பழக்கமில்லை. அவள் உற்றுப் பார்த்தாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லை. வயசானவர். கையை ஒடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பாவமா இருந்தது.”

“நீ பாவம் பார்த்துப் பேச்சை நிறுத்துற ஆள் இல்லையே.” சின்னவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். ஏதோ யோசித்தாள். “அம்மாவுக்கு முதல்ல கொடுத்த தேதி என்ன?”

“எதுக்கு இப்போ?”

“சொல்லேன்.”

“ஞாபகமில்லை.”

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி தேதி சொல்லித்தான் அவரைத் திட்டினே. எனக்கிருந்த நிலைமையில அப்போ அது மண்டையில ஏறலை. இப்போ கேட்கிறேன். என்ன தேதி?”

“மறந்துபோச்சுடி. விடு.”

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, கழித்து விட்ட கொடி வெறும் கொம்பாக நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க.

“எங்கிட்ட வந்தப்போ அம்மா ஒண்ணு சொன்னா” என்றாள் சின்னவள். “அப்பாவோட பிறைக் கிறுக்கு எனக்கு நல்லதாப் போச்சுடி, உங்கூட இருக்க வழி கிடைச்சதுன்னு. அப்படிச் சொல்லிட்டுத் துணி துவைக்கக் குனிஞ்சா, குனிஞ்சவ ரொம்ப நேரம் நிமிரலை. என்னம்மான்னு கேட்டேன். இடுப்புப் பிடிப்புன்னா. நான் நம்பினேன்.”

பெரியவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்றாவது கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

சின்னவள் அதற்கு மேல் நிற்கவில்லை. முன்னறைக்கு வந்து, “கிளம்பலாம்” என்றாள் கணவனிடம். “இப்பத்தானே வந்தோம்” என்று அவர் சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துச் சாவியை எடுத்தார். அப்பா எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். வாசற்படியில் ஒரு நொடி நடை தயங்கியது. திரும்பவில்லை.

கார் கிளம்பியது. பெரியவளும் அப்பாவும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

“எதுவும் சொல்லிடலையே?” என்றார் அப்பா.

“இல்லப்பா.”

“நல்லது.” அவர் தலையசைத்தார். “குழந்தை நல்லா புஷ்டியா இருக்கு. முழங்காலைப் பிடிச்சிச்சு பார்த்தியா? நல்ல பிடி.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியவளுக்கு, அவர் வாழ்நாளுக்கும் அதை வைத்துக்கொண்டே ஓட்டிவிடுவார் என்று தோன்றியது.

தெருமுனையில் கார் வேகம் குறைந்தது. திரும்புவதற்காக என்று நினைத்தார்கள். திரும்பவில்லை. பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தபடி அப்படியே நின்றது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்து, அலுத்து, சுற்றிக்கொண்டு போனார்.

“வண்டியில ஏதாவது பழுதா?” என்றார் அப்பா.

கதவு திறந்தது. சின்னவள் இறங்கினாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நடை நேராக இல்லை.

அப்பா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மாடி, சொல்லிடாதே. தாங்க மாட்டா.”

“நானா போய்ச் சொல்ல மாட்டேன்பா” என்றாள் பெரியவள், வருகிறவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டான்னா, மறந்துபோச்சுன்னு சொல்ல எனக்குத் தெம்பில்லை.”

சின்னவள் பாதித் தெரு வந்துவிட்டாள். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்பதற்கு வருகிறாளோ என்று பெரியவள் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் நெருங்கியதும்தான் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, குழந்தை பிறந்த நாளிலிருந்து, அம்மா தன்னிடம் வந்து சேர்ந்த நாள் வரை பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தாள்.